முட்டுக்கட்டை போட்டவர்

என் மனைவி ஒரு பல் மருத்துவமனையில் உதவியாளர். வாயைத் திறந்துகொண்டு படுத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்து பயத்தைப் போக்குவதும் அவள் வேலையில் சேர்ந்தது. "எங்க வீட்டுக்காரர் மாடலா இருக்கார்" என்பாளாம். திறந்த வாய் இன்னும் கொஞ்சம் திறக்குமாம். சாயங்காலம் அவளை அழைத்துப்போக நான் போய் நிற்கும்போது, நாற்பத்தாறு வயது, முன்வழுக்கை, பெல்ட்டுக்கு மேலே எட்டிப்பார்க்கும் தொப்பை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டு ஒரு பாட்டி வாய்விட்டே கேட்டுவிட்டார்: "இவரையாம்மா சொன்னே?"

நான் மாடல் இல்லை, மாடல் செய்கிறவன். ஓர் உலையோ தொட்டியோ இயந்திரமோ நேரம் போகப்போக எப்படி நடந்துகொள்கிறது என்பதை, அதிலிருந்து வரும் அளவுகளை வைத்துக் கண்டுபிடித்துச் சமன்பாடாக எழுதித் தருவது என் தொழில். அளவுகள் சுத்தமாக வந்தால் கவலையே இல்லை. ஆனால் மீட்டர் நடுங்கும், குதிக்கும், சில நேரம் பொய்யும் சொல்லும். அந்த இரைச்சலுக்கு அடியில் இருக்கும் உண்மையான நடத்தையைத் தோண்டி எடுக்க வேண்டும்.

போன வருஷம் எனக்குக் கிடைத்த வேலை ஒரு கழிவுநீர்த் தொட்டி. குழாய்களுக்கும் கதவுக் கைப்பிடிகளுக்கும் முலாம் பூசும் ஆலை அது. உலோகத்தை அமிலத்தில் கழுவிய தண்ணீர் எல்லாம் பின்பக்கத்தில் இரண்டு மாடி உயரமுள்ள ஒரு தொட்டிக்கு வரும். அங்கே சுண்ணாம்புத் தண்ணீர் கலந்து அமிலத்தை முறித்துப் பிறகு கால்வாயில் விடுவார்கள். கால்வாய் போய்ச் சேரும் ஆற்றில்தான் கீழே இருக்கும் ஊர்கள் தண்ணீர் எடுக்கின்றன.

கேட்பதற்குச் சுலபம். ஆனால் அமிலம் பொல்லாதது. தொட்டி மீட்டரில் ஏழு என்றால் சமநிலை, அதற்குக் கீழே இறங்க இறங்க அமிலம். சுண்ணாம்பை விட்டுக்கொண்டே இருப்போம், மீட்டர் அசையாது. இன்னும் கொஞ்சம் விடுவோம், அசையாது. அதற்கு மேல் ஒரு கை அளவு விட்டால் ஒரே தாவலாகத் தாவி அந்தப் பக்கம் போய் விழும். இரண்டு மடங்கு கொடுத்தால் இரண்டு மடங்கு திருப்பித் தரும் சாது அல்ல அது. மூடு பார்த்து நடக்கும் ஆள். அந்தத் தொட்டியின் குணத்தைச் சமன்பாட்டில் பிடித்துக் கொடுத்தால் சுண்ணாம்பு வால்வைக் கணினியே இயக்கும். ஆறு மாத ஒப்பந்தம்.

இரண்டு வருஷத்துப் பதிவுகளைக் கொடுத்தார்கள். எவ்வளவு தண்ணீர் வந்தது, வால்வு எவ்வளவு திறந்திருந்தது, மீட்டர் என்ன காட்டியது என்று நிமிஷத்துக்கு ஒரு வரி. நான்கு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். கடைசியில் என் மாடல் போட்ட கோடும் மீட்டர் போட்ட கோடும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் படிந்தன. மேனேஜர் திரையைப் பார்த்துவிட்டு என் முதுகில் ஓங்கித் தட்டினார். "ரெண்டு கோடுன்னு சொன்னீங்க, எனக்கு ஒண்ணுதானே தெரியுது!" என்று அவர் சொன்னதை என் வாழ்நாளின் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஒப்புதல் தாளில் மூன்று கையெழுத்து வேண்டும். மேனேஜர் போட்டார். மின்பிரிவுத் தலைவர் படிக்காமலே போட்டார். மூன்றாவது கையெழுத்து ஆய்வகப் பொறுப்பாளருடையது.

அந்தப் பெண்ணுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். பேசுவது பக்கத்தில் நிற்பவருக்கே பாதிதான் கேட்கும். ஆலையில் அவருக்கு முட்டுக்கட்டை என்று பெயர். எந்தத் தாள் போனாலும் ஒரு கேள்வியோடு திரும்பி வருமாம்.

என் தாளை அவர் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கோடு ரொம்ப அழகா இருக்கு சார்" என்றார்.

"நன்றி."

"ஆனா இது ஏற்கெனவே நடந்ததைப் பார்த்து வரைஞ்சது. பார்க்காததுக்கு ஒண்ணு வரைஞ்சு காட்டுங்களேன்."

"பார்க்காததுன்னா?"

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு பென் டிரைவை எடுத்தார். "ஒன்பது நாள் பதிவை உங்களுக்குக் குடுக்கல. இதுல தண்ணி வரத்தும் வால்வு அளவும் இருக்கு. மீட்டர் என்ன காட்டிச்சுன்னு மட்டும் இல்ல. அதை நீங்க சொல்லுங்க."

"நாலு மாசமா என்கிட்டயே மறைச்சு வெச்சிருந்தீங்களா?"

"மறைக்கல சார். எடுத்து வெச்சேன்."

நியாயமாகப் பார்த்தால் இதை நானே செய்திருக்க வேண்டும். படித்த பாடத்திலேயே பரீட்சை எழுதினால் யாரும் நூற்றுக்கு நூறு வாங்கலாம். என் தொழிலின் அரிச்சுவடி அது. இரண்டு வருஷப் பதிவும் வேண்டும் என்ற பேராசையில் அதைத் தாண்டிப் போயிருந்தேன். ஆனால் அன்றைக்கு அது தோன்றவில்லை. பென் டிரைவைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

மறுநாள் மதியம் என் கோடுகளை அவர் முன்னால் வைத்தேன். அவர் மீட்டரின் கோடுகளைப் பக்கத்தில் வைத்தார். மூன்று நாள் பரவாயில்லை. மற்ற ஆறு நாளும் பார்க்கச் சகிக்கவில்லை. மீட்டர் மேலே ஏறும் இடத்தில் என் மாடல் கீழே இறங்கியது. வெறும் பிழை என்று அதைச் சொல்ல முடியாது. திசையே தலைகீழ்.

அவர் குத்திக்காட்டவில்லை. "எங்கேயோ ஏதோ இருக்கு சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடாத தாளை என்னிடம் நீட்டினார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் கொட்டித் தீர்த்தேன். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா சொன்னது சரியா, தப்பா?" என்று கேட்டாள்.

"சரிதான். அதுக்காக நாலு பேர் முன்னால..."

"நாலு பேரு இருந்தாங்களா?"

"இல்ல. நாங்க ரெண்டு பேருதான்."

அவள் மடித்த துணியை ஓரமாக வைத்தாள். "அந்த உலைக்கு நீங்க செஞ்சு குடுத்தீங்களே, அன்னைக்கு யாராவது ஒருத்தர் கையெழுத்துப் போடமாட்டேன்னு சொல்லியிருந்தா?"

எட்டு வருஷத்துக்கு முன்னால் வேறோர் ஆலையில் நடந்தது அது. சாயம் உலர்த்தும் உலை ஒன்றுக்கு மாடல் செய்து கொடுத்தேன். எல்லோரும் கைதட்டி, எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். மூன்றாவது மாதம் என் மாடல் சொன்னதைவிட உலை அதிகமாகச் சூடேறியது. கதவைத் திறந்தவரின் வலது கை மணிக்கட்டுவரை வெந்துபோனது. விசாரணையில் கதவின் கொக்கிதான் காரணம் என்று எழுதினார்கள். என் பெயர் எங்கேயும் வரவில்லை. யாரும் என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேனோ என்னவோ. வேலையை விட்டுவிட்டு நான்கு வருஷம் பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுத்தேன். அந்த நான்கு வருஷமும் வீட்டைத் தூக்கி நிறுத்தியவள் இவள்தான்.

"அவங்க கால்ல விழுந்திருப்பேன்" என்றேன்.

"அப்போ நாளைக்குப் போய் விழ வேண்டாம், மரியாதையா பேசுங்க. போதும்."

காலையில் முதல் வேலையாக ஆய்வகத்துக்குப் போனேன். "முந்தாநேத்து நான் கொஞ்சம் வெடுக்குனு பேசிட்டேன் மேடம். அந்த ஆறு நாள்ல அப்படி என்ன நடந்துச்சுன்னு சேர்ந்து பார்க்கலாமா?"

அவர் ஏற்கெனவே ஷிஃப்ட் புத்தகத்தை எடுத்து வைத்திருந்தார். விரலை ஒவ்வொரு தேதியாக இறக்கினார். மாடல் தோற்ற ஆறு நாளும் தொட்டி அண்ணன் விடுப்பு. அவர் மனைவிக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. தேறிய மூன்று நாளும் அவர் வேலையில் இருந்தார்.

தொட்டி அண்ணன் என்றால் ஆலை முழுக்கத் தெரியும். பத்தொன்பது வருஷமாகச் சுண்ணாம்பு வால்வு அவர் கையில்தான். மற்றவர்கள் மீட்டரைப் பார்த்து வால்வைத் திருகுவார்கள், இவர் மீட்டரை அதிகம் சட்டை செய்வதில்லை.

நாங்கள் இருவரும் தொட்டிப் படிக்கட்டில் ஏறிப் போய் அவரைக் கேட்டோம்.

"அண்ணே, எப்ப வால்வைத் திறக்கணும்னு எப்படி முடிவு பண்றீங்க?"

"சத்தம் வரும்ல சார்?"

"என்ன சத்தம்?"

தலைக்கு மேலே போகும் தடித்த குழாயில் விரல் முட்டியால் தட்டினார். "அந்தப் பக்கம் அமிலக் கொப்பரையைக் காலி பண்ணா இதுல ஒரு களக் களக்னு வரும். அது இங்க வந்து சேர நாலு நிமிஷம். அதுக்குள்ள நான் சுண்ணாம்பைத் திறந்துடுவேன். வர்ற விருந்தாளிக்கு இலை போட்டு வெச்ச மாதிரி."

படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். வரும் தண்ணீரின் அளவுதான் என் பதிவில் இருந்தது, அதில் அமிலம் எத்தனை வீரியம் என்பது இல்லை. அமிலம் வருவதற்கு முன்பே இவர் சுண்ணாம்பைத் திறக்கிறார். உடனே வீரியமான அமிலம் வருகிறது. மீட்டர் லேசாக இறங்குகிறது. இரண்டு வருஷம் இதையே பார்த்த என் மாடல் என்ன கற்றுக்கொள்ளும்? சுண்ணாம்பைத் திறந்தால் மீட்டர் இறங்கும் என்றுதான் கற்றுக்கொள்ளும். அப்படியேதான் கற்றுக்கொண்டிருந்தது.

விளக்கிச் சொன்னேன். தொட்டி அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அப்போ நீங்க தொட்டியைப் படிக்கவே இல்ல சார். என்னைத்தான் படிச்சிருக்கீங்க! என் வீட்டுக்காரிகூட என்னை இவ்வளவு உன்னிப்பா கவனிச்சதில்ல."

இந்த மாடலிடம் வால்வைக் கொடுத்திருந்தால், அமிலம் அதிகமாகும்போது அது சுண்ணாம்பை மூடியிருக்கும். மூன்றாவது கையெழுத்து விழாததால் தப்பித்தோம்.

தொட்டியின் சொந்தக் குணம் தெரிய வேண்டுமானால், அது என்ன செய்கிறது என்று பாராமல் வால்வை அசைக்க வேண்டும். தொட்டி அண்ணன் கையில் கொடுத்தால் கை தானாகவே சரியானதைச் செய்துவிடும். என் கையை நான் நம்பவில்லை. யாருடைய புத்தியும் கலக்காத ஒன்று வேண்டும். "பூவா தலையா போட்டுப் பார்க்கலாமா?" என்றேன். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நாணயத்தைச் சுண்டுவது. தலை விழுந்தால் வால்வு கூட, பூ விழுந்தால் குறைய.

ஆய்வகப் பொறுப்பாளர் இந்த முறை என்னை ஒரு கேள்வியும் கேட்கவில்லை, தன்னையே கேட்டுக்கொண்டார். "அந்தத் தண்ணி கால்வாய்க்குப் போகக் கூடாது. எங்க விடறது?" பிறகு தானே போய், கெட்ட தண்ணீரைத் தேக்கி வைக்கும் அவசரக் குளத்தில் இடம் இருக்கிறதா என்று அளந்து, மேனேஜரிடம் அனுமதி வாங்கி, கால்வாய்ப் பக்க வெளிமதகை மூடிப் பூட்டுப் போட்டுச் சாவியைக் கண்ணாடிக் கயிற்றிலேயே கோத்துக்கொண்டார். நான்கு பகல்கள் கிடைத்தன.

அந்த நான்கு பகல்களும் தொட்டி அண்ணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. பூ, பூ, பூ என்று வரிசையாக விழும். குழாயில் களக் களக் என்று கேட்கும். மீட்டர் நான்குக்குச் சரியும். அவர் கை வால்வைத் தேடிப் போகும், பாதி வழியில் திரும்பி வரும்.

"பெத்த பிள்ளை தத்தளிக்கறதைப் பார்த்துட்டுக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கச் சொல்றீங்களே சார்."

"இன்னும் ஆறு நிமிஷம்தான் அண்ணே."

"நாணயத்தை ஒழுங்காச் சுண்டுங்க. உங்க கைக்குப் பூவைத் தவிர ஒண்ணுமே வரமாட்டேங்குது. லேப்பம்மா, நீங்க சுண்டுங்க, நீங்க நல்ல மனசுக்காரங்க."

இரண்டாம் நாள் மேனேஜர் படியேறி வந்தபோது, மூன்று பெரியவர்கள் குனிந்து தரையில் உருளும் நாணயத்தைத் துரத்திக்கொண்டிருந்தோம். "ஆலைக்குள்ள சூதாட்டமா?" என்றார். "ஆமா சார், தொட்டியோட" என்றார் தொட்டி அண்ணன்.

நான் கேட்காத ஒன்றையும் ஆய்வகப் பொறுப்பாளர் செய்தார். மீட்டரின் முனையில் சுண்ணாம்பு படிந்து அது நடுங்குவதும் விலகுவதும் அவருக்குத் தெரியும். நாணயம் சுண்டும் ஒவ்வொரு முறையும் ஒரு சின்னப் பாட்டிலில் தண்ணீரை மொண்டு, ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்த் தன் கையாலேயே சோதித்து எழுதினார். ஒரு நாளைக்கு நாற்பத்தெட்டுப் பாட்டில், நான்கு நாளும். அதனால்தான் எது மீட்டரின் நடுக்கம், எது தொட்டியின் உண்மையான அசைவு என்று என்னால் பிரித்தெடுக்க முடிந்தது. கடைசி நாள் அவர் தாளை நீட்டியபோது கையுறையில்லாத விரல்கள் சோப்பிலும் தண்ணீரிலும் ஊறி வெளுத்து, கட்டைவிரல் ஓரத்தில் வெடித்திருந்தன. "இதெல்லாம் எதுக்கு மேடம்?" என்று கேட்டேன். "மீட்டர் மேல எனக்கு நம்பிக்கை இல்ல, உங்க மேல இருக்கு" என்றார். பாட்டில்களை அடுக்கிக் கொடுத்தேன்.

புது மாடல் பழையதுபோல அழகாக இல்லை. ஒற்றைக் கோடு போய் ஒரு பட்டை வந்தது. இதற்கும் இதற்கும் நடுவில் எங்கேயோ இருக்கும் என்று சொல்லும் பட்டை. மேனேஜருக்கு மனசு ஆறவில்லை. "முன்னாடி ஒண்ணா இருந்துச்சே சார்?" என்றார். ஆனால் ஆய்வகப் பொறுப்பாளர் இதற்கிடையில் புதிதாக எடுத்து வைத்திருந்த வேறு பத்து நாள் பதிவில், தொட்டி அண்ணன் இருந்த நாளிலும் இல்லாத நாளிலும், மீட்டர் பெரும்பாலும் பட்டைக்குள்ளேயே நின்றது. வெளியே போன இடங்களை அவர் ஒவ்வொன்றாகச் சுழித்துக் காட்டினார். பிறகு, வாரா வாரம் மீட்டர் முனையைக் கழுவினால் மட்டுமே இது செல்லும் என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

ஆறு வாரம் கழித்து, ஒரு மதியம் சாப்பாட்டு நேரம். தொட்டி அண்ணனுக்கு வார விடுமுறை. அமிலக் கொப்பரைக்கு அடியில் ஒரு குழாய் இணைப்பு விட்டுப்போய், வீரியமான அமிலம் மொத்தமும் தொட்டிக்கு வரும் வாய்க்காலில் இறங்கியது. அந்தப் பக்கம் யாரும் இல்லை. தொட்டியில் மீட்டர் ஏழிலேயே நின்றது, பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சுகம். ஆனால் ஏழிலேயே நிறுத்தி வைக்கக் கணினி வால்வைத் திறந்துகொண்டே போனது. இவ்வளவு சுண்ணாம்பு போட்டும் மீட்டர் ஏறவில்லை என்றால் கண்ணுக்குத் தெரியாத அமிலம் வந்துகொண்டிருக்கிறது என்று மாடல் கணக்குப் போட்டது. பன்னிரண்டு நிமிஷத்தில் வால்வு முழுதும் திறந்துவிடும், அதற்கு மேல் தாங்காது என்று ஆய்வகத் திரையில் பட்டை கீழ்நோக்கி வளைந்தது.

திரைக்கு முன்னால் ஆய்வகப் பொறுப்பாளர் தனியாக இருந்தார். வெளிமதகை மூடினால் முலாம் பிரிவு முழுக்க நிற்கும். மீட்டர் ஒன்றுமில்லை என்கிறது, மாடல் ஆபத்து என்கிறது. அவர் ஓடிப்போய் மதகுச் சக்கரத்தைச் சுற்றி மூடினார்.

சேதி கேட்டு நான் மூச்சிரைக்க ஓடிவந்தபோது அவர் இன்னும் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். மீட்டர் ஆறரைக்கு வந்தது. ஆறு. பிறகு கல்லைப் போட்டதுபோல ஒரே இறக்கமாக மூன்றுக்குப் போய் விழுந்தது. கால்வாய்க்கு ஒரு சொட்டும் போகவில்லை.

"நன்றி சார்" என்றார்.

"என்ன மேடம் நீங்க! நான்தான் சொல்லணும். அந்த ஒன்பது நாளை நீங்க எடுத்து வெக்காம இருந்திருந்தா..." உலையைப் பற்றி அவரிடம் சொல்லியதில்லை. அங்கேயே, சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டே சொன்னேன். வெந்த கையைப் பற்றி, விசாரணையைப் பற்றி, டியூஷன் எடுத்த வருஷங்களைப் பற்றி.

"எனக்கு ஒண்ணும் பெரிய புத்தி இல்ல சார்" என்றார் கடைசியில். "கையெழுத்துப் போடப் பயம், அவ்வளவுதான். பேனாவை எடுத்தாலே கை நடுங்கும். அதனாலதான் கேள்வி கேக்கறேன். முட்டுக்கட்டைன்னு சொல்றாங்கன்னு எனக்கும் தெரியும்."

"அந்தப் பயத்தை விட்டுடாதீங்க மேடம்."

அவர் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கொப்பரையை அடைத்து, தொட்டியில் இருந்ததை அவசரக் குளத்துக்குத் திருப்பி முடிக்க மூன்று மணி ஆனது. மேனேஜர் வந்தார், பார்த்தார், தொலைபேசியில் யார் யாரிடமோ பேசினார். என் கைபேசி அடித்தது. தொட்டி அண்ணன். யார் சொன்னார்களோ.

"தொட்டி எப்படி இருக்கு சார்?"

"நல்லா இருக்கு அண்ணே. தப்பிச்சோம். மாடல் சொல்லிச்சு, மேடம் மூடிட்டாங்க."

"அப்பாடா." பெருமூச்சு இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் வந்தது. "அது இருக்கட்டும். லேப்பம்மா சாப்பிட்டாங்களா?"

திரும்பிப் பார்த்தேன். அவர் படிக்கட்டில் உட்கார்ந்து பாட்டில்களில் எண் எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாட்டு நேரத்தில் ஓடி வந்தவர். எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

கேன்டீனில் மீதி இருந்ததைச் சூடுபண்ணச் சொல்லி நானே தட்டில் வாங்கிக்கொண்டு படியேறினேன். "யாராவது திரையைப் பார்க்கணுமே சார்" என்று எழுந்தார். "நான் பார்க்கறேன். நீங்க உக்காந்து நிதானமா சாப்பிடுங்க" என்று சொல்லி, தட்டை அவர் கையில் கொடுத்துவிட்டு ஆய்வகத்துக்குப் போய் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன்.